"ஒண்ணும் இல்லை" என்று எழுதிய நோட்டு

என் வீட்டுக்காரருக்குக் குடலில் புற்றுநோய். இருந்த மருந்தெல்லாம் கைவிட்ட பிறகு, கோலாலம்பூர் ஆஸ்பத்திரி ஒன்றில் புதிய கீமோ மருந்தைச் சோதிக்க ஆள் எடுத்தார்கள். மனிதர்களுக்கு அப்போதுதான் முதன்முதலாகக் கொடுத்துப் பார்க்கிறார்கள். "எலிக்கு அடுத்து நான்தான்" என்று தோட்டத்து லய வீடுகள் முழுக்கப் பெருமையடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது நினைத்தால் மருந்துக்குப் போய்வந்த அந்தப் பயணங்கள்தான் எங்கள் தேனிலவு. ஒரே தேயிலை மலையில் முப்பது வருடம் வேலை செய்தும், சேர்ந்தாற்போல் நாலு மணி நேரம் உட்கார்ந்ததில்லை. எங்கள் மலையூர் தானா ராத்தாவில் காலை பஸ் ஏறியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவார். ஆஸ்பத்திரித் தாதிக்கென்று கியா பார்ம் சந்தையில் வாங்கிய ஸ்ட்ராபெரிப் பொட்டலம் என் மடியில் இருக்கும். வழியெல்லாம் அதிலிருந்து நான் ஒன்றிரண்டு தின்பேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு நோட்டு கொடுத்திருந்தார்கள். உடம்பில் எது மாறினாலும் அதில் எழுத வேண்டும். அவர் சொல்வார், நான் எழுதுவேன். தினமும் ஒரே பதில்தான்: "ஒண்ணும் இல்லன்னு எழுது." காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டில் நின்று பழகிய வாய் அது. அங்கே உடம்பு சரியில்லை என்றால் கங்காணி கூலியில்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். காய்ச்சலோடு நின்றாலும் "ஒண்ணும் இல்லீங்க" என்பார்கள். உண்மையைச் சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று அவருக்குப் பயம். எனக்கும் அதே பயம்தான், எழுதினேன்.

மூன்றாம் மாதம் விரல்கள் மரத்துப்போயின. சட்டைப் பட்டனை நான்தான் போட்டுவிட்டேன். திட்டிக்கொண்டேதான் போடுவேன். அந்த ஐந்து நிமிடத்துக்கு இன்று எவ்வளவு ஏங்குகிறேன்! நோட்டில் மட்டும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த முறை போனபோது தாதி நோட்டைப் புரட்டிவிட்டுச் சிரித்தாள். "நல்ல சேதி அங்கிள். உங்களுக்கு ஒண்ணும் ஆகலன்னா அடுத்து வர்றவங்களுக்கு மருந்து அளவக் கூட்டுவாங்க. மூணு பேர் காத்திருக்காங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மெல்ல இரண்டு கைகளையும் மேசைமேல் நீட்டினார்.

"பொய் சொல்லிட்டேன் மிஸ்ஸி. சட்டகூடப் போட முடியல. இத எழுதிக்குங்க. அவங்களுக்குக் கூட்டாதீங்க லா."

டாக்டர் வந்து சோதித்துவிட்டு, அவருக்கு மருந்தை அன்றே நிறுத்தினார்.

திரும்பும் பஸ்ஸில் நான் சண்டை போட்டேன். "ஊரான் கையப் பாத்தீங்களே, என்னப் பாத்தீங்களா?"

"பின்னால நிக்கிறவனும் மனுசந்தானே லா" என்றார். அவர் செய்தது தப்பில்லை என்று தெரிந்தும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

அதிலிருந்து ஐந்து மாதத்தில் போய்விட்டார். கருமாதி முடிந்த மறுநாள் தாதி போன் செய்தாள். துக்கம் விசாரிக்கக்கூட விடாமல், "அந்த மூணு பேரு?" என்று கேட்டேன்.

யாரைப் பற்றியும் சொல்லக் கூடாது என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "அளவக் கூட்டல ஆன்ட்டி. மூணு பேரும் வந்துகிட்டுதான் இருக்காங்க" என்றாள்.

போனை வைத்துவிட்டு ஓவென்று அழுதேன். அதுவரை அவர்மேல் கோபமாகத்தான் இருந்தேன்.