தொண்ணூற்றைந்து வலைக்கு

தவறான விடையை உரக்கப் படித்துக் காட்டிய பிறகுதான் சிவப்புப் பேனாவின் மூடியைத் திறப்பார் எங்கள் கல்லூரியின் புள்ளியியல் டீச்சர். "கேளுங்க இந்தக் கொடுமைய," என்பது முன்னுரை. ஆசிரியர் அறையில் பக்கத்து மேசைக்காரன் நான். கணக்குப்பதிவியல் எடுப்பவன். கேட்டுத்தான் ஆக வேண்டும்.

எதைக் கேட்டாலும் அவரிடமிருந்து ஒற்றை எண் வராது. மீட்டிங் எப்போது முடியும் என்றால், "முக்கால் மணியிலேருந்து ஒன்றரை மணிக்குள்ள. அடிச்சுச் சொல்ல மாட்டேன்."

கைப்பையில் எப்போதும் ஒரு துணிப்பை இருக்கும். அதில் கறுப்பும் வெள்ளையுமாகச் சட்டைப் பொத்தான்கள். வகுப்பில் ஒவ்வொருவரும் பார்க்காமல் ஒரு கை அள்ள வேண்டும். கையில் வந்த கறுப்பின் பங்கை வைத்து, பை முழுக்கக் கறுப்பு எத்தனை சதவீதம் என்று, இதிலிருந்து இதுவரை என ஓர் இடைவெளி சொல்ல வேண்டும். கடைசியில் பையைக் கொட்டி எண்ணுவார்கள். பெரும்பாலோரின் இடைவெளிக்குள் உண்மை மாட்டியிருக்கும். ஓரிருவரிடம் நழுவியிருக்கும்.

"இடைவெளிதான் வலை, உண்மைதான் மீன். நூறு தடவை வீசினா தொண்ணூத்தஞ்சு தடவை மாட்டும். அது வலையோட குணம்ப்பா, மீனோட குணம் இல்ல," என்பார்.

இவ்வளவு சொல்லியும், 'எனவே இந்த மருந்தைச் சாப்பிடும் ஒருவருக்கு 95% குணமாகும்' என்று தேர்வில் எவனாவது எழுதி வைப்பான். முட்டைதான். கெஞ்சினாலும் மசிய மாட்டார்.

அவர் கணவர் பஸ் டிரைவர். வீட்டில் விடைத்தாள்களின் மதிப்பெண்ணைக் கூட்டிப் போடுவது அவர் வேலை. வலது கண்ணின் கருவிழி மங்கியதும் கூட்டுவதும் நின்றது, பஸ்ஸும் நின்றது. இப்போது பக்கத்தில் உட்கார்ந்து கொடுமைகளைக் கேட்பதோடு சரி.

போன வாரம் இருவரையும் கண் மருத்துவமனைக்கு என் காரில் அழைத்துப் போனேன். கணவரைச் சொட்டு மருந்துக்காக வெளியே உட்கார வைத்துவிட்டு, டாக்டர் எங்களிடம் பேசினார். "இதே மாதிரி நூறு பேருக்குக் கருவிழி மாத்தியிருக்கோம். அதுல எண்பது பேருக்கு மறுபடி வண்டி ஓட்டுற அளவுக்குப் பார்வை வந்திருக்கு."

டீச்சரின் உதடு அசைந்தது. புள்ளி எட்டையும் புள்ளி இரண்டையும் பெருக்கி, நூறால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்கி முடித்துவிட்டார். "எழுபத்திரண்டுலேருந்து எண்பத்தெட்டு," என்றார். அது அவர் வீசிய தொண்ணூற்றைந்து சதவீத வலை. டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை.

வெளியே வந்து கணவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கவலைப்படாதீங்க. தொண்ணூத்தஞ்சு சதவீதம் உங்களுக்குச் சரியாயிடும்."

மூடிய கண்ணோடு அவர் டீச்சர் பக்கம் திரும்பினார். "தொண்ணூத்தஞ்சு வலைக்குத்தானேம்மா? நான் மீனாச்சே?"

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. டீச்சர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அந்த அம்மாள் பயந்து போயிருந்தார். அவர் பயந்து நான் பார்த்ததே இல்லை.

திங்கட்கிழமை அறுவை சிகிச்சை. இன்று வெள்ளி. மேசையில் விடைத்தாள் கட்டு. காலையிலிருந்து மூன்று நான்கு கொடுமைகள் கேட்டாயிற்று. அடுத்த தாளில் பேனா மூடி திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது, முன்னுரை வரவில்லை. எட்டிப் பார்த்தேன். அதே வரி: 'ஒருவருக்கு 95% குணமாகும்.'

முட்டை போடப் போன பேனா நின்றது. ஓரத்தில் அரை மதிப்பெண் போட்டார். பிறகு தாளைப் புரட்டாமல், அந்த வரியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.