டிரம்மில் திரிந்த ஷாம்பு

சோப்பும் ஷாம்புவும் கலக்கி விற்கிற என் இனத்தாரே, நம் சரக்கு கெட்டியானால் ஊற்ற வரவில்லை என்பார்கள், இளகினால் தண்ணீர் கலந்துவிட்டாய் என்பார்கள்.

கரண்டி

வேலந்தாவளத்தில் ஒரு ஷெட்டில் நானும் என் கூட்டாளி சரஸ்வதியும் முதலில் செய்தது கைகழுவும் திரவ சோப்புத்தான். கொஞ்சம் கெட்டிப்பட, தண்ணீரில் கரையும் பிசினைச் சேர்த்தோம். தனித்தனியே இரண்டும் தண்ணீராகத்தான் ஓடின. சேர்ந்ததும் கிண்டும் கட்டையே நகரவில்லை. சோப்பு பிசின் இழைகளை ஒன்றோடொன்று கோத்துவிடும் என்பது அப்போது தெரியாது. சந்தைப் பக்கம் டீக்கடை வைத்திருக்கும் ராசு அண்ணன் பாட்டிலைக் கவிழ்த்தார், தட்டினார், பிறகு கேட்டார்: "ஏனுங்க அம்மிணி, இதுக்குக் கரண்டி தனியாக் குடுப்பீங்களா?"

வெள்ளைத் திப்பி

அடுத்து ஷாம்பு. மலைமேல் சக்குபள்ளத்துக் கடைக்காரர் ஒருவர் நாற்பது பாட்டில் கேட்டிருந்தார்; எங்கள் முதல் பெரிய ஆர்டர். முடி மிருதுவாக வேறொரு பிசின் சேர்க்க வேண்டும். அந்தப் பிசின் தண்ணீரில் சோப்புக் கரைசலைக் கொஞ்சம் ஊற்றியதுமே, பால் திரிந்த மாதிரி வெள்ளைத் திப்பி அடியில் இறங்கியது. கொட்டிவிடலாம் என்று சரஸ்வதி முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் அழுகை வந்தது.

கல்லூரியில் படித்த வேதியியல் கொஞ்சம் மிச்சமிருந்தது. பிசினுக்கு நேர்மின்னூட்டம், சோப்புக்கு எதிர்மின்னூட்டம். இரண்டும் ஒட்டிச் சமமாகிவிட்டால் தண்ணீரில் நிற்காது. சோப்பு இன்னும் கூடினால்? ஒரு டம்ளர் திப்பியில் சோப்பைச் சிறிது சிறிதாக விட்டுக் கலக்கினேன். கலங்கல் மெல்ல விலகி, டம்ளருக்குப் பின்னால் என் விரல் தெரிந்தது. டிரம்முக்கும் அதே வைத்தியம். சரஸ்வதி எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "குறைச்சலா ஊத்துனதுதான் தப்புங்க அக்கா."

மக்குத் தண்ணீர்

சரக்குப் போய் ஒரு வாரத்தில் போன். சக்குபள்ளத்து ஏலத்தோட்டத்தில் வேலை செய்யும் முத்துமாரி, பாட்டிலில் இருந்த எண்ணைப் பார்த்துக் கூப்பிட்டாள். மக்கில் தண்ணீர் விட்டுக் கலந்தால் ஷாம்பு கலங்குகிறதாம். கலப்படமா என்று கேட்டாள். தண்ணீர் கூடும்போது சோப்பின் பிடி தளரும், பிசின் பிரிந்து முடியில் படியும், மிருது அதனால்தான் வருகிறது என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை. ஒருமுறை குளித்துப் பார்க்கச் சொன்னேன்.

மழையிலும் மூடுபனியிலும் நாள் முழுக்கத் தலையில் துண்டு கட்டி வேலை செய்கிறவள். ஞாயிற்றுக்கிழமை அவளே கூப்பிட்டாள்: "அக்கா, சிக்கில்லாம தல வாரி எம்புட்டு நாளாச்சு, அந்தக் கலங்கல மட்டும் நிப்பாட்டிராதீக."

கண்ணாடி மாதிரி தெளிய வைக்க இத்தனை பாடுபட்டு, கடைசியில் கலங்கியதற்குப் பாராட்டு வாங்குகிற தொழில் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.