அவன் என்றுதான் எழுதினேன்

என்னுடைய நாவலில் இரண்டு ஆண்கள் காதலிக்கிறார்கள். கதை நடக்கும் இடம், கடல் முழுக்க உப்பாக உறைந்துபோன ஒரு நிலவு. முதலாவதைக் கேட்டு முகம் சுளித்தவர்களில் ஒருவர்கூட இரண்டாவதைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. நடந்தது இதுதான்.

தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்த குடும்பம் எங்களுடையது. அப்போது நான் கைக்குழந்தை. புத்தளத்தில் கிடுகுக் கொட்டில்கள் நிறைந்த அகதி முகாமில்தான் வளர்ந்தேன். நிவாரணத்துக்கு வந்த உடுப்புப் பெட்டிகளோடு ஒருமுறை பழைய ஆங்கில நாவல்களும் வந்திறங்கின. யாருக்கும் அவை தேவைப்படவில்லை. அட்டையில் ராக்கெட் போட்டிருந்தவற்றையெல்லாம் நான் பொறுக்கிக்கொண்டேன். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அவற்றை வாசித்துத்தான் ஆங்கிலம் படித்தேன். பின்னாளில் மதுரங்குளியில் ரியூஷன் வாத்தியாராகச் சோறு போட்டதும் அந்த ஆங்கிலம்தான்.

அந்த நாவல்களில் ஒரு கப்டன் இருப்பார். ஒரு பெண் விஞ்ஞானி இருப்பார். முடிவதற்குள் இருவரும் முத்தமிட்டுக்கொள்வார்கள். அந்தப் பக்கங்களை நான் பெண்ணின் இடத்தில் நின்று வாசித்தேன். ஏன் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் கழித்து, கொழும்பில் தெருவோரப் பழைய புத்தகக் கடையொன்றில் ஒரு விண்வெளி நாவலை வாங்கினேன். பஸ்ஸில் வாசித்துக்கொண்டே வந்தேன். சிலாபம் தாண்டியபோது அதில் வரும் விண்கப்பலின் வைத்தியனும் வரைபடக்காரனும் ஒரே கட்டிலில் படுத்திருந்தார்கள். நான் புத்தகத்தை மூடி, பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துவிட்டு, மறுபடி திறந்தேன். கதையில் யாரும் அதைப் பற்றி வியக்கவில்லை. கப்பலில் காற்றுத் தீர்ந்துகொண்டிருந்தது. எல்லாருக்கும் அதுதான் கவலை. அன்று மதுரங்குளியில் இறங்க மறந்து புத்தளம் வரைக்கும் போய்விட்டேன்.

பிறகு அப்படியான நாவல்களைத் தேடித் தேடி வாசித்தேன். தமிழில் ஒன்றும் என் கைக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் எழுதிவிட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அந்த நாட்களில்தான் அவன் வந்தான். உடப்பைச் சேர்ந்தவன், என்னைவிட மூத்தவன். கற்பிட்டிப் பக்கம் கடலோரமாகப் புதிதாக எழும்பியிருந்த காற்றாலைகளில் பராமரிப்பு வேலை. வேலைக்கு ஆங்கிலம் தேவைப்பட்டதால் பெரியவர்களுக்கு நான் நடத்திய பின்னேர வகுப்பில் சேர்ந்தான். சில மாதங்களில் வகுப்பை விட்டுவிட்டான். என்னை விடவில்லை. குறிஞ்சிப்பிட்டியில் அவன் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். அவன் மீன் கழுவுவான், நான் எழுதியதை வாசிப்பேன். என் கதையில் ஒரு கப்பலோட்டியும் ஒரு மெக்கானிக்கும் இருந்தார்கள். உப்பு நிலவில் அவர்களுடைய கப்பல் பழுதாகி நிற்கிறது.

ஒருநாள் அவன் கேட்டான். "மாஸ்டர், இவங்க ரெண்டு பேரும் ஒண்டாகிற இடத்த எழுதுவீங்களா, இல்ல கதவச் சாத்திட்டு அடுத்த நாள் காலைக்குப் போயிடுவீங்களா?"

என்னைக் காதலிக்கத் தொடங்கிய பிறகும் அவன் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டான். கேலிக்குத்தான்.

"எழுதுவன்," என்றேன்.

"அப்ப சரி. சாத்தினா நான் கேக்க மாட்டன்."

எழுதி முடித்ததைக் கணினியில் அடித்துத் தந்தது என் மூத்த சகோதரி. ராத்தா என்று கூப்பிடுவேன். போன் எடுக்கவும் போட்டோப் பிரதி எடுக்கவும் ஆட்கள் வந்துபோகும் ஒரு கொமியூனிகேஷன் கடையில் அவருக்குத் தட்டச்சு வேலை. கையெழுத்துப் பிரதியைக் கொடுத்த பிறகு அவருடைய முகத்தைப் பார்க்கப் பயந்து பல நாள் அந்தப் பக்கமே போகவில்லை. கடைசியில் அவரே போன் எடுத்தார்.

"தம்பி, கடைசி அத்தியாயம் இன்னும் வரல்லயே. அந்த மெக்கானிக் மௌத்தாகிடுவானா?"

"இல்ல ராத்தா, சாக மாட்டான்."

"கப்பலோட்டி?"

"அவனும் இல்ல."

"நல்லது. கொண்டு வா."

அன்று மாலையே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பதிப்பிக்க முன்வந்தவர் புத்தளத்தில் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். முகாம் பிள்ளைகளுக்கு இலவசமாக வகுப்பு எடுத்தவர், எனக்கும் எடுத்தவர். சொந்தப் பணத்தில் சிறிய பதிப்பகம் நடத்திக்கொண்டிருந்தார். பிரதியை வாசித்துவிட்டு என்னை வீட்டுக்கு அழைத்தார். கதிரையை இழுத்துப் போட்டு, தேத்தண்ணி வரவழைத்து, மிகவும் பட்சமாகப் பேசினார்.

"தம்பி, நல்லா எழுதியிருக்கீங்க. அந்த உப்பு, அந்தக் கப்பல், எல்லாம் கண்ணுக்கு முன்னால தெரியுது. ஒரே ஒரு எழுத்துத்தான் பிரச்சினை."

"எந்த எழுத்து சேர்?"

"மெக்கானிக்க அவளாக்குங்க. 'ன்' வாற இடத்துல 'ள்'. கதைக்கு ஒண்டும் ஆகாது. இப்பிடியே விட்டா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."

"சேர், அந்தக் கப்பல் சூரியனுக்குள்ளால போய் மற்றப் பக்கத்தால வருது. அத நம்புவாங்களா?"

"அது விஞ்ஞானம்."

"மற்றது?"

"மற்றது ஊர், தம்பி."

அவர் இன்னொரு வழியும் சொன்னார். "சரி, அவனாவே இருக்கட்டும். கடைசியில ஒருத்தன் மௌத்தாகட்டும். படிக்கிறவங்களுக்கு ஒரு ஆறுதலா இருக்கும்."

"ஆருக்கு ஆறுதல் சேர்? எனக்கா?"

நான் பிரதியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். வாசலில் செருப்பைப் போடும்போது, "கணினிப் பிரதி என்னட்ட இரிக்குது. யோசிச்சிப் பாருங்க," என்றார். ஒரு கிழமைக்குள் போன் எடுத்து, உங்களுடைய விருப்பப்படியே அச்சடிக்கிறேன் என்றார். நான் நம்பினேன்.

வெளியீடு ஒரு வாசிகசாலை மண்டபத்தில் நடந்தது. புத்தகப் பெட்டிகள் அச்சகத்திலிருந்து நேராக மண்டபத்துக்கே வந்திருந்தன. ராத்தா பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தார். அவன் வேலை உடுப்போடு வந்து பின்வரிசையில் இருந்தான். அட்டை அழகாக இருந்தது, வெள்ளை நிலமும் கறுத்த வானமும். மேடையில் உட்கார்ந்தபடி புத்தகத்தை இடையில் திறந்தேன்.

"அவள் எண்ணெய்க் கையால் தன் மீசையைத் துடைத்தாள்," என்றிருந்தது.

சிரிப்புத்தான் முதலில் வந்தது. மெக்கானிக் வரும் இடமெல்லாம் தேடித் தேடி 'ள்' போட்டவர்கள் மீசையைக் கவனிக்கவில்லை. அடுத்தடுத்த பக்கங்களைப் புரட்டினேன். எல்லா இடத்திலும் அவள். அதிபர் இரண்டு கதிரை தள்ளி இருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

உரைகள் தொடங்கின. பெரிய பதவியிலிருந்த ஒருவர் என்னை வாழ்த்தினார். "நமது சமூகத்தில் ஒரு பெண்ணை எஞ்சின் திருத்தும் மெக்கானிக்காகப் படைத்ததன் மூலம் இந்த இளைஞர் பெண் விடுதலைக்குக் குரல் கொடுத்திருக்கிறார்," என்றார். மண்டபம் கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்கு நான் தலை குனிந்து நன்றி சொல்லியிருக்கலாம். புத்தகம் நன்றாக விற்றிருக்கும். பாடசாலைப் பரிசளிப்புக்குக்கூட வாங்கியிருப்பார்கள்.

ஏற்புரைக்கு என்னை அழைத்தபோது, உரைக்குப் பதிலாகக் கதையில் ஒரு பகுதியை வாசிக்கிறேன் என்று சொன்னேன். உப்புப் புயல் ஓய்ந்த பிறகு எஞ்சின் அறையில் இருவரும் முதன்முதல் தொட்டுக்கொள்ளும் பகுதி. புத்தகத்தைப் பார்த்துத்தான் வாசித்தேன். ஆனால் நான் எழுதியபடி வாசித்தேன்.

"அவன் விளக்கைத் தணித்தான். கப்பலோட்டியின் கன்னத்தில் ஒட்டியிருந்த உப்பை விரலால் தட்டிவிட்டான். பிறகு விரலை எடுக்க மறந்தான்."

முதலில் வாய் தவறிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். சிலர் கையிலிருந்த புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். அடுத்த வாக்கியத்திலும் அவன். அதற்கடுத்ததிலும் அவன். முன்வரிசையிலிருந்து ஒருவர் மரியாதையாகச் சொன்னார். "தம்பி, பிழையா வாசிக்கிறீங்க."

"பிழை புத்தகத்துலதான். நான் சரியாத்தான் வாசிக்கிறன்," என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தேன்.

கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்டது. எனக்குப் பழக்கமான முகங்கள் கதவுப் பக்கம் நகர்ந்தன. யாரோ ஒலிவாங்கியை நிறுத்தினார்கள். வாத்தியாருக்கு ஒலிவாங்கி எதற்கு? குரலை உயர்த்தி வாசித்தேன். அப்போது ராத்தா எழுந்தார். அவரும் போகப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் நடந்து வந்து, வெறுமையாகிப்போன முன்வரிசையின் நடுக் கதிரையில் உட்கார்ந்தார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார். பின்வரிசையில் அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். அத்தியாயம் முடியும்வரை நான் நிறுத்தவில்லை.

மண்டபம் காலியான பிறகு அதிபர் என்னிடம் வந்தார். கோபத்தைவிடக் களைப்புத்தான் அவருடைய முகத்தில் தெரிந்தது.

"என்ட மானத்த வாங்கிட்டீங்க தம்பி."

"நீங்க என்ட புத்தகத்துல கை வைச்சிட்டீங்க சேர். கேக்காம."

"உங்களக் காப்பாத்தத்தான் செஞ்சன்."

அவர் சொன்னதை நான் இன்றைக்கும் நம்புகிறேன். இந்த நாட்டின் சட்டப் புத்தகத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு இன்னும் தண்டனை எழுதப்பட்டிருக்கிறது. ஊரின் வாயோ சட்டத்துக்காகக் காத்திருப்பதில்லை. அவர் அதையெல்லாம் யோசித்துத்தான் செய்தார். ஆனால் என்னை இல்லாமல் செய்து என்னைக் காப்பாற்ற முடியாது. அதை அவரிடம் சொன்னேன். பெட்டிகளை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். இனி அவை அவருடைய வீட்டுக்கு வரக்கூடாதாம்.

பெட்டிகளை ஒரு த்ரீவீல் ஓட்டோவில் ஏற்றிக் குறிஞ்சிப்பிட்டிக்குக் கொண்டுபோனோம். ராத்தாவும் ஏறிக்கொண்டார். அவனை அவர் கிட்டத்தில் பார்த்தது அன்றைக்குத்தான். இறங்கும்போது அவனிடம் கேட்டார்.

"நீங்கதானா அந்த மெக்கானிக்?"

"இல்ல ராத்தா. நான் காத்தாடி திருத்துறவன். எனக்கு மீசையும் இல்ல."

ராத்தா சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் திருத்தத்தில் போயின. மூன்று பேரும் நிலத்தில் பாய் விரித்து உட்கார்ந்து, கறுப்புப் பேனையால் ஒவ்வொரு 'ள்'ஐயும் வெட்டி மேலே 'ன்' எழுதினோம். வெள்ளை மை பூசி எழுதினால் துப்பரவாக இருக்கும் என்று ராத்தா சொன்னார். நான் வேண்டாம் என்றேன். என்ன செய்யப் பார்த்தார்கள் என்பது வாசிக்கிறவருக்குத் தெரிய வேண்டும். ளகரத்தோடு முட்டி மோதி, ஏற்கெனவே கோணலான அவனுடைய கையெழுத்து மேலும் கெட்டது. அவன் திருத்திய பிரதிகளை இப்போதும் என்னால் அடையாளம் காண முடியும்.

விலை கொடுத்தோம், சொல்லாமல் விடக்கூடாது. ரியூஷன் நிலையத்தின் சொந்தக்காரர் என்னைக் கூப்பிட்டு, பெற்றோர் என்னைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்றார். நானாகவே விலகிவிட்டால் எல்லாருக்கும் நல்லது என்றார்.

"நான் விலக மாட்டன். நீங்க அனுப்புறதா இருந்தா அனுப்புங்க. காரணத்தையும் சொல்லி அனுப்புங்க."

அனுப்பினார். காரணத்தை வாயால் சொல்ல மட்டும் அவருக்கு வரவில்லை. அவனுடைய அண்ணன் அவனோடு கதைப்பதை நிறுத்தினார். அவன் கோயில் திருவிழாவுக்கு உடப்புக்குப் போவதை நிறுத்தவில்லை. அண்ணன் வீட்டு வாசலால்தான் நடந்து போவான், சுற்றுப் பாதை எடுக்க மாட்டான். ராத்தாவின் வீட்டுக்கு வந்துபோன சில பெண்கள் வருவதை விட்டார்கள். தம்பிக்குப் புத்தி சொல்லக்கூடாதா என்று ஒருவர் கேட்டாராம். "எனக்கும் அல்லாஹ்வுக்கும் உள்ளத நான் பாத்துக்கொள்ளுறன். அவன்ட கணக்க என்ட கையில ஒருத்தரும் தரல்ல," என்று ராத்தா பதில் சொல்லியிருக்கிறார். அவர் தொழுகை விடாதவர்.

நான் குறிஞ்சிப்பிட்டி வீட்டுக்கே குடிபோய், முன் அறையில் வகுப்பு நடத்தத் தொடங்கினேன். பிள்ளைகள் குறைவுதான். வருகிற பிள்ளைகளின் பெற்றோருக்கு நான் யார் என்பது தெரியும். தெரிந்துதான் அனுப்புகிறார்கள்.

திருத்திய புத்தகங்களைச் சிலாபத்தில் ஒரு கடைக்காரர் மறுபேச்சில்லாமல் வாங்கி முன்வரிசையில் வைத்தார். மெதுவாக விற்றன. கைமாறிக் கைமாறியும் போயின. வசவுகள் வந்தன, அவற்றை நான் சேர்த்து வைக்கவில்லை.

போன வருடம் கனமூலையிலிருந்து ஒரு விஞ்ஞான ஆசிரியை வீட்டைத் தேடி வந்தார். தலையில் முக்காடு, கையில் என் நாவல். வெட்டிய எழுத்துகள் நிறைந்த பிரதி. நான் எல்லாவற்றுக்கும் தயாராக நின்றேன்.

"உங்கட புத்தகத்துல ஒரு பெரிய பிழை இரிக்குது மாஸ்டர்," என்றார்.

"சொல்லுங்க டீச்சர்."

"அந்தக் கப்பலுக்கு எரிபொருள் காணாது. நிலவிலயிருந்து கிளம்ப மட்டுந்தான் காணும். அதுக்குப் பிறகு அவங்க ரெண்டு பேரும் எங்க போறது? நீங்க அதப் பத்தி ஒண்டும் எழுதல்ல."

அவங்க ரெண்டு பேரும். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். அவருடைய கவலையெல்லாம் அந்த எஞ்சினைப் பற்றித்தான்.

உள்ளே வரச் சொன்னேன். கடதாசி எடுத்து வைத்துக்கொண்டு, உப்பைப் பிரித்து எரிபொருள் செய்யலாம் என்று நான் வாதாடினேன். முடியாது என்றார் அவர். அவன் வேலை முடிந்து வந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தபோதும் சண்டை ஓயவில்லை. போகும்போது, அடுத்த நாவலை அச்சுக்குக் கொடுக்க முன்னர் தனக்குக் காட்டச் சொன்னார். எஞ்சின் விசயத்தில் மட்டும்தான் கை வைப்பேன் என்றார்.

சரி என்றேன்.