அத்தர்க்காரரின் மூக்கு

அத்தர்க்காரர் காய்ச்சலிலிருந்து எழுந்து உட்கார்ந்ததும் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். ஊது அத்தர் சீசாவின் மூடியைத் திறந்து மூக்கருகே வைத்தார். எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"யாரு இதுல தண்ணிய ஊத்துனது?"

அவரிடம் பெட்டி தூக்கும் வேலைக்கு நான் சேர்ந்து ஒரு மழைக்காலம்தான் ஆகியிருந்தது. எனக்கு முப்பது தாண்டிவிட்டது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கொட்டாம்பட்டிப் பக்கம் ரோட்டுக்குக் கல் உடைத்தேன், சோழவந்தான் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளினேன், எங்கும் தரிக்கவில்லை. மதுரை ஸ்டேஷன் வாசலில் படுத்துக் கிடந்தவனைக் கூப்பிட்டுச் சோறு போட்டவர் அவர். வீட்டில் வேறு ஆண் கிடையாது. அவர் என்னைச் சந்தேகப்பட்டதில் நியாயம் இருந்தது.

நடுவாசல் திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி பேசினார். "ஏங்க, அண்ணன எதுக்குப் பாக்குறீங்க? நீங்க மூடியத் திறந்ததும் அடுப்படி வரைக்கும் மணக்குது."

அவர் ரோஜாவைத் திறந்தார். தாழம்பூவைத் திறந்தார். சந்தனத்தை உள்ளங்கையில் தேய்த்து முகத்தில் பொத்திக்கொண்டார். கடைசியில் மண்ணெண்ணெய் விளக்கை எட்டி எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நடக்கத் தெம்பு வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் நெற்றியில் கண்ணாடி மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"மூக்குல ஒரு கோளாறும் இல்ல பாய்."

"அப்ப ஏன் ஒண்ணும் தெரியல?"

"ஒரு வாசனை உள்ள போயி எப்படி வாசனையாத் தெரியுதுங்கிறதே இன்னும் யாருக்கும் முழுசாப் பிடிபடல. உங்களுக்கு ஏன் போச்சுன்னு நான் என்னத்தச் சொல்ல? தானா வரலாம். வராமயும் போகலாம்."

திரும்பி வரும்போது அத்தர்க்காரர் சொன்னார்: "இம்புட்டுப் படிச்ச மனுஷன், தெரியலைன்னு சொல்லிட்டாரு பாரு. நல்லவரு மாப்ள."

எனக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்தது. சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று எங்கள் வாத்தியார் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறார். நட்சத்திரத்துக்கு எடை போடுகிறார்கள் என்று டீக்கடையில் ஒருவர் பேப்பர் படித்துக் கேட்டிருக்கிறேன். அவ்வளவு தூரம் போன மனிதனுக்கு, முகத்துக்கு நடுவில் இருக்கிற மூக்குக்குள் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. படிப்பை விட்டதால் எனக்குத்தான் நிறையத் தெரியாது என்று நினைத்திருந்தேன். அன்றைக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

அவருக்கு ஆறுதல் இல்லை. கண் போன தட்டானும் மூக்குப் போன அத்தர்க்காரரும் ஒன்றுதான். விஷயம் வெளியே தெரிந்தால் வருகிற வியாபாரியெல்லாம் எண்ணெய் கலந்த சரக்கைத் தலையில் கட்டிவிட்டுப் போவான். அதை விற்றால் பள்ளிவாசல் தெருவில் அவர் பேர் போய்விடும்.

அதனால் மனைவியைப் பழக்கினார். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளை இல்லாத வீடு. சாயங்காலம் முழுக்க இரண்டு பேர் குரலும் திரைக்குப் பின்னால் கேட்கும். "ரோஜா முதல்ல எப்படி வருது?" "முதல்ல காரமா வருது. அப்புறம் மழை பெஞ்ச மறுநா வைக்கப்போரு மாதிரி." "அது கலப்படம் புள்ள, தள்ளி வையி." தான் முகர முடியாததையெல்லாம் அந்த அம்மாளின் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

மெட்ராசிலிருந்து மொத்த வியாபாரி வந்தபோது ஏற்பாடு இதுதான். அத்தர்க்காரர் பஞ்சைச் சரக்கில் தோய்த்து, கண்ணை மூடி முகர்வதுபோல் பாவனை செய்து என்னிடம் தருவார். நான் திரைக்கடியில் நீட்டுவேன். நல்ல சரக்கென்றால் உள்ளே வளையல் குலுங்கும், மட்டமென்றால் இருமல் வரும்.

ரோஜாவுக்கு இருமல் வந்தது.

"கலப்படம்," என்றார் அத்தர்க்காரர், வருத்தமாக.

சந்தனத்துக்கும் இருமல். வியாபாரி முகம் சிவந்தது. "என்ன பாய் சொல்றீங்க? எங்க வாப்பா காலத்துலேருந்து ஒரே எடத்துச் சரக்கு."

ஊது தோய்த்த பஞ்சு உள்ளே போனது. இருமல்கூட வரவில்லை. உள்ளே யாரோ கொல்லைப்பக்கம் ஓடுகிற சத்தம், பிறகு வாந்தியெடுக்கிற சத்தம், தண்ணீர் மொள்ளுகிற சத்தம்.

வியாபாரி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். அவர் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"பாய், இந்த வீட்டுல மோந்து பாக்குறது யாரு?"

நான் என்னையறியாமல் திரையைப் பார்த்துவிட்டேன்.

"எனக்கு எட்டுப் புள்ளைங்க. ஒவ்வொரு தடவையும் வீட்டுக்காரி என்னய வாசல்லயே நிப்பாட்டி, குளிச்சிட்டு உள்ள வாங்கன்னுவா. நாத்தம் தாங்கலன்னுவா. ஊரெல்லாம் அத்தர் விக்கிறவன் நான்." அவர் பஞ்சை எடுத்துத் தன் காதில் செருகிக்கொண்டார். "உங்களுக்கு மூக்கு மட்டுந்தான் போச்சா, புத்தியும் போச்சா? உள்ள போய்ப் பாருங்க."

அத்தர்க்காரர் எழுந்து போனார். பிறகு அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம் வந்தது.

வியாபாரி சரக்கு முழுவதையும் இறக்கி வைத்தார். "சுத்தமான சரக்கு. அடுத்த வாட்டி தங்கச்சியே பாத்துச் சொல்லட்டும். மூக்கு விஷயம் என்னோட இருக்கும்பா," என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னபடியே நடந்துகொண்டார்.

மசக்கையில் வாசனை ஏன் குமட்டுகிறது என்று அத்தர்க்காரர் டாக்டரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தார். அதுவும் சரியாகத் தெரியாதாம். "உன்னோடதும் தெரியாதாம் புள்ள," என்று வாசலிலிருந்தே சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு உள்ளே போனார்.

பெண் குழந்தை பிறந்தது. அதன் பிறகு அவர் தன் மூக்கைப் பற்றிப் புதிதாக ஏங்க ஆரம்பித்தார். வியாபாரத்துக்காக அவர் அப்படி ஏங்கி நான் பார்த்ததில்லை. காலையில் குழந்தையின் உச்சந்தலையில் மூக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். அந்த அம்மாளே என்னிடம் சொன்னது.

"எப்படி இருக்கு, சொல்லேன்," என்று கேட்பார்.

எந்தப் பூவையும் பிரித்துச் சொல்லப் பழகிவிட்ட அந்தக் குரல் தடுமாறும். "சொல்லத் தெரியலைங்க."

"பால் வாடையா?"

"இல்ல. இது மாதிரி வேற ஒண்ணு இருந்தாத்தான சொல்லுறதுக்கு?"

ஒருநாள் குழந்தையை வெளியே கொண்டுவந்து என்னை முகரச் சொன்னார். நானும் பார்த்தேன். "கதகதப்பா இருக்கு," என்றேன்.

"அது வாசனையா மாப்ள? பெட்டி தூக்கத்தான் நீ லாயக்கு."

குழந்தைக்குத் தலை நிற்கத் தொடங்கிய நாட்களில், ஒரு காலை, நாங்கள் விளாங்குடிப் பக்கம் போகக் கிளம்பிக்கொண்டிருந்தோம். நான் வாசலில் நின்றிருந்தேன். உள்ளே பேச்சு கேட்டது.

"வருது புள்ள."

"என்னங்க?"

"வருதுங்கிறேன்."

"எப்படி இருக்கு?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"சொல்லத் தெரியல," என்றார் அவர்.

உண்மையிலேயே வந்ததா, மனைவிக்காகச் சொன்னாரா, ஆசையில் வந்ததுபோல் இருந்ததா, எனக்குத் தெரியாது. ஒரு சீசாவை நீட்டியிருந்தால் தெரிந்திருக்கும். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நேரமாகிறதென்று கூப்பிட வாயெடுத்தேன், பிறகு பெட்டியைக் கீழே இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.