வாங்கில் கிடந்த ஜக்கெற்

மூண்டு வருசத்துக்கு முந்தி, பனிக்காலம் முடியப்போற நேரம் டென்மார்க்கிலை, ஓகூஸ் நகரத்திலை நடந்தது இது. அங்கை பல்கலைக்கழகத்திலை என்னென்ன இளமாணிப் படிப்புகள் இருக்கு எண்டு பள்ளிக்கூடப் பிள்ளையளுக்குக் காட்டுறதுக்கு ஒரு நாள் வைப்பினம். கதவெல்லாம் திறந்து விட்டிருப்பினம், ஆரும் போய்ப் பாக்கலாம். என்ரை மூத்தவள் அப்ப ஜிம்னாசியம் எண்டுற உயர்தரப் பள்ளிக்கூடத்திலை கடைசி வருசம். நாங்கள் இருக்கிறது கிரின்ஸ்டெட் எண்ட சின்ன ஊரிலை. அங்கை பஸ்சை நம்பி ஒரு இடமும் போகேலாது, அதாலை தொழிற்சாலையிலை லீவு கேட்டு நானே காரிலை கூட்டிக்கொண்டு போனன்.

உண்மையைச் சொன்னால் அந்த நாளுக்கு அவளைவிட எனக்குத்தான் அவசரம். டெனிஷ் தகப்பன்மார் பிள்ளையை வாசலிலை இறக்கிவிட்டிட்டுப் போயிடுவினம். நான் அப்பிடி விடுற ஆளே? மாதா கோயிலிலை பூசை முடிஞ்சு தேத்தண்ணி குடிக்கேக்கை எங்கடை சனம், "மகள் என்ன எடுக்கப் போறா?" எண்டு கேக்கும். நானும் "டொக்டருக்குத்தான்" எண்டு எல்லாருக்கும் சொல்லி வச்சிட்டன். அவள் இன்னும் விண்ணப்பமே போடேல்லை, நான் அதுக்குள்ளை பட்டமளிப்பே நடத்தி முடிச்சிட்டன்.

காலமை வெளிக்கிடேக்கை, "அப்பா, உங்களோட ஒண்டு கதைக்கவேணும்" எண்டாள். வழமையா டெனிஷிலைதான் எனக்கு மறுமொழி வரும். அண்டைக்குத் தமிழிலை கேட்டாள். "முதல்ல போய்ப் பாத்திட்டு வருவம், பிறகு ஆறுதலாக் கதைப்பம்" எண்டு சொல்லிப்போட்டு நான் காரை எடுத்திட்டன். வழி முழுக்க மருத்துவப் படிப்பைப் பற்றி நான்தான் கதைச்சன். அவள் "ம்" எண்டுகொண்டு வெளியாலை பாத்துக்கொண்டு வந்தாள்.

மருத்துவத்தைப் பற்றிச் சொல்லுற மண்டபம் நிறைஞ்ச சனம். நான் முன் வரிசையிலை இடம் பிடிச்சு அவளையும் பக்கத்திலை இருத்தினன். கேள்வி கேக்கலாம் எண்டு சொன்னோடனை, பிள்ளையளெல்லாம் யோசிச்சுக்கொண்டிருக்க நான்தான் முதல் கையை உயர்த்தினன். திரும்பிப் பாத்தால் அவளின்ரை முகம் வெளிறிப் போயிருக்கு. "டொய்லெற்றுக்குப் போட்டு வாறன்" எண்டு ஜக்கெற்றையும் எடுத்துக்கொண்டு எழும்பிப் போனாள்.

பேச்சு முடிஞ்சுது. சனம் கலைஞ்சுது. அவள் வரேல்லை. போன் அடிச்சன், மணி போகுது, எடுக்கிறாளில்லை. டொய்லெற் வாசலிலை நிண்டு ஒரு அம்மாவை உள்ளுக்கை பாக்கச் சொன்னன். ஒருத்தரும் இல்லையாம். நான் நடைவழியெல்லாம் ஓடித் தேடத் தொடங்கினன்.

அந்தப் பனிக்காலத்திலைதான் ஒரு கதை எங்கடை சனத்துக்குள்ளை அடிபட்டது. கோப்பன்ஹேகனிலை ஒரு பொடியன் நல்லாப் படிக்கிறான் எண்டு வீட்டுக்காரர் நம்பிக்கொண்டிருக்க, அவன் வகுப்புக்குப் போறதையே எப்பவோ விட்டிட்டானாம். பகல் முழுக்க ரயிலிலை ஏறி இறங்கிக்கொண்டு திரிஞ்சிருக்கிறான். பிறகு ஒரு நாள் வீட்டுக்கே வரேல்லை. பொலிஸ்தான் கண்டுபிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது. அந்தத் தாய் தகப்பனுக்கு ஒண்டுமே தெரியாது. அந்தக் கதை அண்டைக்கு என்ரை மண்டைக்குள்ளை வந்து குந்திக்கொண்டுது. காலமை இவள் என்ன சொல்ல வந்தவள்? ஏன் நான் கேக்கேல்லை?

வாசலிலை சிவப்பு ரீசேட் போட்ட ஒரு மாணவி வாற ஆக்களுக்கு வழி காட்டிக்கொண்டு நிண்டா. ஓடிப்போய் மகளைக் காணேல்லை எண்டன். அவ ஒரு பதட்டமும் இல்லாமல், "மகளுக்கு எந்தப் படிப்பிலை விருப்பம்? சொன்னால் எந்தக் கட்டடத்துக்குப் போயிருப்பா எண்டு பாக்கலாம்" எண்டா.

"மருத்துவம். அந்தப் பேச்சு நடக்கேக்கைதான் எழும்பிப் போனவள்" எண்டன்.

"அங்கையிருந்துதானே எழும்பிப் போனவ. வேறை எதிலை விருப்பம்?"

எனக்கு அவளின்ரை சப்பாத்து அளவு தெரியும். சோத்துக்கு எந்தக் கறி இல்லாட்டி முகத்தைத் திருப்புவாள் எண்டு தெரியும். இது தெரியேல்லை. கணக்கோ, சரித்திரமோ, பாசையோ, ஒண்டையும் சொல்ல ஏலாமல் நிண்டன். "பயப்பிடாதேங்கோ, வளர்ந்த பிள்ளைதானே, கோப்பி குடிச்சுக்கொண்டு இருங்கோ" எண்டா அந்தப் பிள்ளை. கோப்பியாம்!

மனிசி, பிள்ளையின்ரை தாய், வயோதிபர் இல்லத்திலை வேலையிலை நிண்டவ. போன் அடிச்சன்.

"காருக்குள்ளை பிள்ளையோட என்ன கதைச்சனீங்கள்?" இதுதான் முதல் கேள்வி.

"ஒண்டும் கதைக்கேல்லை. படிப்பைப் பற்றித்தான்."

"மருத்துவத்தைப் பற்றி."

"ஓம்."

"கெதியாத் தேடுங்கோப்பா" எண்டா. குரல் உடைஞ்சு போச்சு. அதோட எனக்கு இருந்த கொஞ்சத் தைரியமும் போட்டுது.

பல்கலைக்கழகத்துக்கு நடுவிலை ஒரு பெரிய பூங்கா, சரிவான புல்வெளி, அடியிலை குளம். கரையோரம் மெல்லிசா ஐஸ் பிடிச்சிருந்தது. நான் ஓடி ஓடித் திரும்பத் திரும்பப் போன் அடிச்சுக்கொண்டு வாறன். திடீரெண்டு ஒரு மணிச்சத்தம் கேக்குது. அவளின்ரை போன் சத்தம். குளக்கரையிலை ஆக்கள் இருக்கிற மர வாங்கு ஒண்டு, அதிலை அவளின்ரை நீல ஜக்கெற் கிடக்கு. போன் அதின்ரை பொக்கெற்றுக்குள்ளை அடிக்குது. ஆள் இல்லை.

மாதாவே! அந்தக் குளிருக்கை ஆர் ஜக்கெற்றைக் கழட்டி வைப்பினம்? அதுக்குப் பிறகு நான் யோசிக்கேல்லை. அவளின்ரை பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டு குளத்துக்குள்ளை இறங்கிட்டன். ஐஸ் உடைஞ்சு கால் சேத்துக்குள்ளை புதைஞ்சுது. தண்ணியைப் பாக்கிறன், ஒண்டும் தெரியேல்லை, எல்லாம் கறுப்பு.

"அப்பா?"

சத்தம் பின்னாலையிருந்து வந்தது. திரும்பினால், பத்தையளுக்கு அங்காலை, சரிவிலை நாலைஞ்சு பேர் நிக்கினம். நடுவிலை என்ரை மகள். மேலிலை ஒரு செம்மஞ்சள் வேலைச் சட்டை, கையெல்லாம் சேறு, முகம் வேர்த்துச் சிவந்திருக்கு. நிலவியல் படிக்கிற பிள்ளையள் நிலத்திலை ஒரு நீள இரும்புத் துளைகருவியை இறக்கி, கையாலை சுத்திச் சுத்தி அடிமண்ணை எடுத்துக் காட்டிக்கொண்டு நிண்டிருக்கினம். இவளும் சேர்ந்து சுத்தியிருக்கிறாள். வேர்க்குது எண்டு ஜக்கெற்றைக் கழட்டி வாங்கிலை எறிஞ்சிருக்கிறாள். வாயிலை ஏதோ சப்பிக்கொண்டு நிக்கிறாள்.

நான் அந்த ஈரப் புல்லிலையே இருந்திட்டன். ஏசவேணும் போலை இருந்தது, அழுகைதான் வந்தது. ஓடி வந்து, "ஏன் தண்ணிக்கை நிண்டனீங்கள்?" எண்டு கேட்டாள்.

"வாயிலை என்ன?" எண்டன்.

"மண்."

"மண்ணோ! உனக்கென்ன விசரே?"

சிரிச்சாள். பல்லாலை கடிச்சுப் பாத்தால் தெரியுமாம்: நறநறத்தால் மணல் கலந்தது, வெண்ணெய் மாதிரி வழுக்கினால் சுத்தக் களிமண். பிறகு பனிப்பாறையள் இந்த நாட்டை எப்பிடி உருவாக்கினது, நிலத்தடித் தண்ணி எங்கையிருந்து வருது எண்டு சொல்லத் தொடங்கினாள். தமிழும் டெனிஷுமா மாறி மாறி வருது. ஒரே மூச்சிலை அவள் இவ்வளவு கதைச்சு நான் கேட்டதில்லை. "இந்தாங்கோ, கடிச்சுப் பாருங்கோ" எண்டு ஒரு துண்டை நீட்டினாள். கடிச்சன். நறநறத்தது.

காருக்குள்ளை ஹீற்றரைப் போட்டு, ஈரச் சொக்சைக் கழட்டிப்போட்டு, "காலமை என்ன கதைக்கவேணும் எண்டனீ?" எண்டு கேட்டன்.

கையிலை காய்ஞ்ச சேத்தைச் சுரண்டிக்கொண்டு, "எனக்கு மருத்துவம் எண்டாலே பயமா இருக்கு அப்பா. அதை உங்களுக்குச் சொல்ல அதைவிடப் பயம்" எண்டாள்.

பிள்ளைக்கு ஏதும் நடந்திடுமோ எண்டு நான் பயந்துகொண்டிருந்த நேரம் முழுக்க, பிள்ளை என்னை நினைச்சுப் பயந்துகொண்டெல்லே இருந்திருக்கிறாள்.

இப்ப அவள் நிலவியல்தான் படிக்கிறாள். கோயிலிலை சனம், "அதைப் படிச்சு என்ன வேலை?" எண்டு கேக்குது. "மண் தின்னுற வேலை" எண்டு சொல்லிப்போட்டுத் தேத்தண்ணி குடிப்பன். கோடையிலை கூட்டாளிமாரோடை மலை, பனிப்பாறை எண்டு ஆய்வுக்குப் போயிடுவாள், நாட்கணக்கிலை போன் வேலை செய்யாது. அந்த நாளுகளிலை வாங்கிலை கிடந்த ஜக்கெற் கண்ணுக்குள்ளை வரும், எழும்பி நடந்துகொண்டிருப்பன். பயம் போகேல்லை, அது போகவும் மாட்டுது. ஆனால் உங்கடை மகளுக்கு எதிலை விருப்பம் எண்டு ஆராவது இப்ப என்னைக் கேட்டால், வாயடைச்சு நிக்கமாட்டன், என்ரை பிள்ளையை எங்கை போய்த் தேடவேணும் எண்டு எனக்குத் தெரியும்.