அம்மை குத்தின தழும்பு

அன்னூர்ப் பக்கம் ஏழு வீடுகளில் எருமை கறந்து பிழைத்தவர் சென்னியப்பன். 1996இல் ஒரு நாள் அவர் விரல்களில் கொப்புளம் கிளம்பியது. அம்மை என்று தெரிந்தால் எவன் தொழுவத்துக்குள் விடுவான்? கை சுளுக்கு என்று ஊருக்குப் பொய் சொல்லி, பதினான்கு வயது மகள் கலாமணியைக் கறக்க அனுப்பினார். நான்காம் நாள் காய்ச்சல் அவரை ஆஸ்பத்திரிக்குத் துரத்தியது.

"எருமைக் காம்புல புண்ணு இருந்துச்சுங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"ஒண்ணுக்கு இருந்துச்சுங்க."

"அதுதான் தொத்தியிருக்குது. சின்ன வயசுல அம்மை குத்துன தழும்பு உங்க கையில இருக்குது, அதனால லேசாப் போச்சுங்க. எண்பதுக்கப்புறம் பொறந்தவங்களுக்கு அந்த ஊசியே இல்லீங்க. அவங்க தொட்டா கடுமையா வரலாம்."

சென்னியப்பன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலு. இந்நேரம் கலாமணி அந்த எருமையின் மடியருகே குந்தியிருப்பாள்.