கல்யாண மண்டபத்தில் இருபத்திரண்டு பேர்

1. காலை எட்டு மணி

குறுவை நடவு மும்முரமாக நடந்துகொண்டிருந்த சமயம். குத்தாலத்துக்குத் தெற்கே பத்து ஏக்கர் வைத்திருக்கும் கலியமூர்த்தி காலையில் என்னைக் கைபேசியில் கூப்பிட்டார். சாதாரணமாக அவர் நிதானமாகப் பேசக்கூடியவர். அன்று அவர் குரலில் படபடப்பு இருந்தது.

"சிஸ்டர், நம்ம வங்காளத்து ஆளுங்களை எல்லாம் போலீஸ் வேன்ல ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. ஆறு மணிக்கே வந்துட்டாங்க. கல்யாண மண்டபத்துல ஒக்கார வச்சிருக்காங்களாம். எனக்கு நாத்து முத்திப்போவுது."

அவருடைய கவலை நாற்றைப் பற்றியது. அதை அவர் மறைக்கவும் இல்லை. எந்தக் கவலையாக இருந்தால் என்ன, அவர் கூப்பிட்டதால்தான் எங்களுக்குச் செய்தி தெரிந்தது.

இப்போது எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அதனால் நான் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரயில்வே ஆஸ்பத்திரியில் முப்பத்து நான்கு வருடம் நர்சாக வேலை பார்த்தவள். அதில் பதினான்கு வருடம் வங்காளத்தில். ஓய்வு பெற்றுச் சொந்த ஊர் வந்து உட்கார்ந்தபோது, நடவுக்கு வங்காளத்திலிருந்து ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். மருந்துக்கடையில் ஒருவர் வயிற்றைத் தொட்டுக் காட்டித் தவித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, அவர் பாஷையில் "எங்கே வலிக்கிறது?" என்று கேட்டேன். அந்த மனிதர் அழுதேவிட்டார். என் தன்னார்வ வேலை அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

காகிதத்தில் எங்கள் குழுவுக்குப் பதினோரு உறுப்பினர்கள். கூப்பிட்டால் வருகிறவர்கள் மூன்று பேர். நான், மயிலாடுதுறை கோர்ட்டில் பிராக்டீஸ் பண்ணும் வக்கீல் கயல்விழி, குத்தாலத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பாஸ்கர். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது, ரேஷன் அட்டைக்கு அலைவது, படிவம் நிரப்புவது, இவ்வளவுதான் அதுவரை நாங்கள் செய்தது. போலீஸ் விவகாரம் எதிலும் தலையிட்டதில்லை.

இட்லிப் பானையை இறக்கி வைத்துவிட்டு, பி.பி. பார்க்கும் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

2. "இது அரெஸ்ட் இல்லம்மா"

மண்டப வாசலில் ஒரு வேன், நாலைந்து போலீஸ்காரர்கள், கைபேசியை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டிருந்த ஒரு முப்பது பேர். முந்தின நாள் ஒரு படம் சுற்றியிருக்கிறது. வயலில் நின்ற இந்த ஆட்களைத் தூரத்திலிருந்து எடுத்து, 'நம் ஊரில் வங்கதேசத்துக்காரர்கள், உஷார்' என்று எழுதிப் போட்டிருந்தார்கள். அந்தப் படம் எங்கேயோ போய், யாரோ மேலதிகாரிக்குப் போன் செய்து, விடிந்ததும் வேன் வந்துவிட்டது.

உள்ளே இருபத்திரண்டு பேரும் சாப்பாட்டுக் கூடத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் பதினாறு, பெண்கள் ஆறு. அவர்கள் கைபேசிகள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் மேஜைமேல் இருந்தன. அவர்களை அழைத்து வந்த ஏஜெண்டைக் காணவில்லை, போன் போட்டால் அணைத்துக் கிடந்தது. எங்கள் தொலைபேசி எண்ணை வங்காள எழுத்தில் அச்சடித்து அவர்களுக்கு அட்டை கொடுத்திருந்தோம். அட்டை எல்லார் பையிலும் இருந்தது. பேசுவதற்குத்தான் கைபேசி இல்லை.

இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். "இது அரெஸ்ட் இல்லம்மா. சும்மா வெரிஃபிகேஷன். நீங்க வீட்டுக்குப் போங்க."

நான் திரும்பியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். காக்கிச் சட்டை "போங்க" என்றால் போகிற தலைமுறை நான். அதற்குள் கயல்விழி ஸ்கூட்டியில் வந்து இறங்கிவிட்டாள். இருபத்தேழு வயது. நேரே இன்ஸ்பெக்டரிடம் போய் நின்றாள்.

"அரெஸ்ட் இல்லேன்னா, இவங்க இப்ப எழுந்து போனா தடுக்க மாட்டீங்கல்ல சார்?"

மேலேயிருந்து உத்தரவு, எல்லாரையும் பார்க்காமல் விட முடியாது என்றார் அவர்.

"அப்ப அது கஸ்டடி சார். எத்தனை மணிக்குக் கூட்டிட்டு வந்தீங்க, என்ன காரணம்னு எழுதிக் குடுங்க. இருபத்துநாலு மணி நேரத்துக்குள்ள மேஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும். கஸ்டடி இல்லேன்னா அந்த வாளியில இருக்கற போனை எல்லாம் குடுத்துடுங்க. வச்சுக்கறதுன்னா ஒவ்வொண்ணுக்கும் பறிமுதல் பண்ணினதா மகஜர் எழுதணும்."

இருபத்திரண்டு மகஜர் என்றதும் பக்கத்தில் இருந்த ஏட்டு நிமிர்ந்து பார்த்தார். எழுதப்போகிறவர் அவர்தானே. இன்ஸ்பெக்டர் வாளியைக் கண்ணால் காட்டினார். கைபேசிகள் உரியவர்களிடம் போயின. சத்தம் போடாமல், கெஞ்சாமல், சட்டத்தில் இருப்பதைச் சொன்னதும் ஒரு வாளி நகர்ந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

3. இருபத்திரண்டு கேஸ் ஷீட்

அவர்களிடம் தனியாகப் பேச அனுமதி கிடைக்கவில்லை. "நான் நர்ஸ், எல்லாருக்கும் பிரஷர் மட்டும் பார்த்துடறேன்" என்றேன். அதற்கு மறுப்பு வரவில்லை.

ஒவ்வொருவர் கையிலும் பட்டையைச் சுற்றிக்கொண்டே பெயர், அப்பா பெயர், ஊர், வீட்டுத் தொலைபேசி எண் எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். ஆஸ்பத்திரியில் ஆயிரக்கணக்கானவர்களிடம் கேட்ட கேள்விகள்தான். பாஷை எனக்கு மறக்கவே இல்லை. அவர்களுக்குத் தலைவர் மாதிரி இருந்த ரஃபிகுல் என்பவருக்கு நாற்பது வயது இருக்கும். இந்த டெல்டாவில் அது அவருக்கு ஐந்தாவது குறுவை. "நாங்கள் என்ன தப்பு செய்தோம் என்று மட்டும் அவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள் திதி" என்றார். திதி என்றால் அக்கா. சபீனா என்ற பெண் நான்கு மாத கர்ப்பம், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. நான் சொன்னதும் இன்ஸ்பெக்டரே எல்லாருக்கும் இட்லி வாங்கி வர ஆள் அனுப்பினார்.

நோட்டிலிருந்த பெயர்களைக் கயல்விழி ஒரு மனுவாக எழுதி, மேலே நேரத்தையும் போட்டு, ஸ்டேஷனில் கொடுத்து, மனு பதிவானதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்கிவிட்டாள். மணி பத்தரை. அந்த நிமிடத்திலிருந்து, இந்த இருபத்திரண்டு பேரும் எங்கே இருக்கிறார்கள் என்பதற்கு முத்திரை குத்திய காகிதம் எங்கள் கையில் இருந்தது.

4. வங்காளத்துக்கு ஒரு போன்

எல்லாரிடமும் ஆதார் இருந்தது. அட்டைகளை வாங்கி வைத்துக்கொண்டு, ஆதார் குடியுரிமைச் சான்று ஆகாது என்றார் இன்ஸ்பெக்டர். சட்டப்படி அவர் சொன்னது சரிதான். வீடுகளுக்குப் போன் போட்டோம். வாக்காளர் அட்டை, நிலப் பட்டா, பள்ளிச் சான்றிதழ் என்று படங்கள் வந்து குவிந்தன. பாஸ்கர் கடையை மூடிவிட்டு, லேப்டாப்பையும் பிரிண்டரையும் எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கே வந்துவிட்டான். மணமகள் அறைதான் அன்று எங்கள் ஆபீஸ்.

படத்தை நம்ப முடியாது என்று ஏட்டு சொன்னார். பாஸ்கர் வாதாடவே இல்லை. வாக்காளர் அட்டை எண்களை வரிசையாகத் தாளில் எழுதி அவரிடமே நீட்டினான். "நீங்களே உங்க போன்ல தேர்தல் கமிஷன் சைட்ல அடிச்சுப் பாருங்க சார்." ஏட்டு ஒவ்வொன்றாக அடித்தார். பதினேழு பெயர்கள் வாக்காளர் பட்டியலில் வந்தன. பத்தாவது பெயர் வந்தபோது அவரே உற்சாகமாகி, "இதுவும் வந்துடுச்சு" என்று எங்களிடம் காட்டினார்.

மிச்சம் ஐந்து பேர். அவர்கள் ஊரின் பிளாக் ஆபீஸிலிருந்து ஸ்டேஷன் மெயிலுக்கு நேரடியாகக் கடிதம் வந்தால் போதும் என்று இன்ஸ்பெக்டர் ஒத்துக்கொண்டார். நான் போன் போட்டேன். எடுத்த குமாஸ்தா அவசரக்காரர். எனக்குத் தெரிந்த வங்காள பாஷை ஆஸ்பத்திரி பாஷை. குடியுரிமை, விசாரணை, சரிபார்ப்பு எதற்கும் எனக்கு வார்த்தை தெரியாது. யோசித்துப் பார்த்து இப்படிச் சொன்னேன்: "உங்கள் ஊர் ஆட்கள் ஐந்து பேர் இங்கே அவசரப் பிரிவில் படுத்திருக்கிறார்கள். நாங்கள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். மருந்து உங்கள் மேஜையில் இருக்கிறது. அதில் உங்கள் அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும்."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "பெயர்களைச் சொல்லுங்கள், சிஸ்டர்" என்றார்.

5. அஞ்சம்மாள்

இதற்கிடையில் வெளியே கூட்டம் நூறைத் தாண்டியிருந்தது. 'வெளியே அனுப்பு' என்ற சத்தம் உள்ளே கேட்டது. எனக்கு உண்மையான பயம் வேறு. எங்கள் ஊர் நடவுப் பெண்கள் வந்து இந்தக் கூட்டத்தோடு சேர்ந்துவிட்டால் என்ன செய்வது? அவர்களுக்குக் கோபம் இருந்தது, நியாயமான கோபம். வங்காளத்து ஆட்கள் மொத்தமாகக் காண்டிராக்ட் பேசி வேகமாக நட்டுவிட்டுப் போகிறார்கள். இவர்களுக்கு நடவு நாட்கள் குறைந்துபோயின.

அவர்களில் எல்லாரும் மதிக்கும் ஆள் அஞ்சம்மாள். பன்னிரண்டு மணிக்கு பாஸ்கரின் வண்டியில் ஏறி அவர் நட்டுக்கொண்டிருந்த வயலுக்கே போனேன். வரப்பில் நின்று நடந்ததைச் சொன்னேன். இன்று மட்டும் மண்டபத்துப் பக்கம் வந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் நிமிரவே இல்லை. கை நாற்று முடியைப் பிரித்து நட்டுக்கொண்டே போயிற்று. நான் மண்டபத்துக்குத் திரும்பினேன்.

இரண்டு மணிக்கு அவர்கள் வந்துவிட்டார்கள். நாற்பது பெண்கள், முழங்கால் வரை சேறு, புடவையை ஏற்றிச் செருகியபடியே. கூட்டம் வழி விட்டது. யாரோ கைகூட தட்டினார்கள்.

அஞ்சம்மாள் நேராக வாசல்படிக்கு வந்து, கூட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார். மற்றவர்கள் அவருக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்தார்கள். கதவுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் இப்போது நாற்பது பெண்கள். இன்ஸ்பெக்டர் வெளியே வந்து, என்ன விஷயம் என்று கேட்டார்.

"கூலித் தகராறு எங்களுக்கும் அவங்களுக்கும் இருக்குது சார். அத நாங்க பேசித் தீத்துக்குவோம். இல்லன்னா சண்டை போட்டுத் தீத்துக்குவோம். அதுக்காக வேல செய்ய வந்தவங்கள நாட்டுக்காரங்களே இல்லன்னு சொல்லுவாங்களா? எங்க அப்பாவயும் இப்படித்தான் பண்ணையில நிக்க வச்சு, நீ யாரு ஆளுன்னு கேட்டாங்க. அவங்க வெளிய வர்ற வரைக்கும் நாங்க எந்திரிக்க மாட்டோம்."

படம் பிடித்துக்கொண்டிருந்த கைபேசிகள் ஒவ்வொன்றாக இறங்கின. அந்த வரிசையில் படம் பிடித்தவர்களுடைய அம்மாக்களும் சித்திகளும் இருந்தார்கள். அரைமணி நேரத்தில் கூட்டம் பாதியாகக் கரைந்தது. அதுவரை தன் பெயர் வெளியே வரக் கூடாது என்று பயந்துகொண்டிருந்த கலியமூர்த்தி அப்போது வந்து, இவர்கள் மூன்று வருடமாக என் வயலில் வேலை பார்க்கிறார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு விவசாயிகள் கையெழுத்துப் போட்டார்கள்.

மூன்று நாற்பதுக்கு மெயில் வந்தது. ஐந்து பெயர், ஐந்து முகவரி, அதிகாரியின் கையெழுத்து, முத்திரை. பாஸ்கர் பிரிண்ட் எடுத்துக்கொண்டு சாப்பாட்டுக் கூடம் முழுக்க ஓடியே வந்தான். நானும் அவன் பின்னால் ஓடினேன், அறுபத்திரண்டு வயதில்.

இன்ஸ்பெக்டர் இரண்டு முறை படித்தார். ஆதார் அட்டைகளைத் தன் கையாலேயே ரஃபிகுலிடம் கொடுத்தார். அவர்கள் வெளியே வந்தபோது அஞ்சம்மாள் எழுந்து, சபீனாவின் வயிற்றைப் பார்த்துவிட்டு, தண்ணீர் பாட்டிலை அவள் கையில் திணித்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. சபீனா குடித்தாள்.

நாங்கள் கிளம்பும்போது இன்ஸ்பெக்டர் தயங்கித் தயங்கி, தனக்கும் பிரஷர் பார்க்க முடியுமா என்று கேட்டார். நூற்று எழுபது இருந்தது. மறுநாளே டாக்டரைப் பார்க்கச் சொன்னேன்.

6. அடுத்த ஞாயிற்றுக்கிழமை

புதிய தன்னார்வலர்களுக்குக் கூட்டம் போட்டோம். பத்து நாற்காலி எடுத்து வைத்தோம். அறுபது பேர் வந்தார்கள். பாதிப் பேர் நடவுப் பெண்கள். ரஃபிகுலும் மூன்று பேரோடு வந்திருந்தார். முதல் வேலையாகக் கயல்விழியை முன்னால் வைத்து இரண்டு தரப்பும் கூலி பற்றிப் பேசினார்கள். அன்று முடிவு வரவில்லை. அடுத்த குறுவையில்தான் ஒரே கூலி என்று பேசி முடித்தார்கள்.

பிறகு நான், ஒருவரைப் பிடித்து வைத்தால் முதலில் பெயர்களை எழுதுங்கள், நேரத்தை எழுதுங்கள், ரசீது வாங்குங்கள், அவர்கள் வீட்டுக்குச் சொல்லுங்கள், வாசலில் நிற்கிற கூட்டத்தோடு வாதாடாதீர்கள் என்று சொல்லிக்கொடுத்தேன். கேள்வி ஏதாவது உண்டா என்று கேட்டேன். அஞ்சம்மாள் கையை உயர்த்தினார்.

"எம் பையன் மலேசியாவுல ரப்பர் தோட்டத்துல இருக்கான் சிஸ்டர். பாஸ்போர்ட்ட மொதலாளியே வாங்கி வச்சிருக்கானாம். அந்த ஊர்லயும் உங்கள மாதிரி நாலு பேரு இருப்பாங்களா?"

அறையைச் சுற்றிப் பார்த்தேன். யார் வீட்டிலெல்லாம் இப்படி வெளியூரில், வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று கேட்டேன். ஒவ்வொன்றாகக் கைகள் உயர்ந்தன. கீழே இருந்த கைகளை எண்ணிவிடலாம். ஆறோ ஏழோதான்.

அன்று நான் கற்றுக்கொண்டது இதுதான்: நாங்கள் யாருக்கோ உதவி செய்யவில்லை, எங்கள் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். நோட்டைத் திருப்பி ஒரு புதுப் பக்கம் எடுத்தேன். "பையன் பேரு என்ன, அஞ்சம்மா? எந்த ஊரு, எந்தத் தோட்டம்? மெதுவா சொல்லுங்க" என்றேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அவருக்குப் பின்னால் ஒரு வரிசை நிற்கத் தொடங்கியது.